பெட்டிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்: ஒரு ஃபைபர் இணைப்புடன் 18 மாதங்கள்

திருச்சி உறையூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு இந்த ஃபைபர் இணைப்பு வந்து 18 மாதங்கள் ஆகின்றன. நொடிக்கு 100 மெகாபிட் வேகம், மாதம் 799 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 942 ரூபாய் 82 காசு என்பது திட்டம். நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். என் மனைவி சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லித் தருகிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான். இந்த 18 மாதங்களில் வேகம் குறைகிறது என்று சேவை மையத்தை ஐந்து முறை அழைத்தேன். அவற்றில் இரண்டு அழைப்புகள் செய்திருக்கவே கூடாதவை. இன்னொன்று, 11 நாட்கள் முன்னதாகவே செய்திருக்க வேண்டியது. இணைப்பு நன்றாக ஓடும் நாட்களில் எல்லா நிறுவனமும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதால், அந்த ஐந்து அழைப்புகளை வைத்தே இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன். எங்கள் தெருவில் சிலர் வீடியோ ஒரு முறை நின்று ஓடினாலே புகார் செய்கிறார்கள். வேறு சிலர் மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு பணத்தையும் கட்டி வருகிறார்கள். இரு தரப்பினருக்கும் இது பயன்பட வேண்டும்.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. தெருவில் கம்பி இழுப்பதும் பழுது பார்ப்பதும் அந்தந்தப் பகுதியின் ஒப்பந்தக்காரர் என்பதால், ஒரே நிறுவனத்தின் இணைப்பு ஒரு பகுதியில் நன்றாகவும் அடுத்த பகுதியில் மோசமாகவும் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, அதே கம்பத்திலிருந்து இணைப்பு வாங்கியிருக்கும் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது.

இணைப்பு வந்த முதல் வாரத்திலேயே முதல் அழைப்பைச் செய்தேன். லேப்டாப்பை மோடத்தோடு கம்பியால் இணைத்து வேகத்தைச் சோதித்தபோது 94 எம்பிபிஎஸ்தான், அதாவது நொடிக்கு 94 மெகாபிட்தான், வந்தது. ஒரு கோப்பைத் தரவிறக்கும்போது திரையில் நொடிக்கு 11 என்று மட்டும் காட்டியது. 100க்குப் பணம் வாங்கிக்கொண்டு 11 தருகிறார்கள் என்று கோபத்தோடு பேசினேன். இரண்டுக்கும் எளிய விளக்கம் உண்டு. திட்டத்தில் சொல்லப்படுவது மெகாபிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு அதிகபட்சம் பன்னிரண்டரை மெகாபைட்தான். 94 என்பதும் குறையில்லை. மோடத்தின் அந்தத் துளை 100 மெகாபிட் வரை மட்டுமே தாங்கக்கூடியது. தரவைப் பொதியாகக் கட்டி அனுப்பும் செலவு போக நமக்குக் கிடைப்பது 94, 95 என்ற அளவில்தான் நிற்கும். எதிர்முனையில் பேசிய பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார், பிறகு புகார் எண் கொடுத்தார், மறுநாள் அந்தப் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. ஒரே வாக்கியத்தில் விளக்கியிருந்தால் எனக்கும் தெளிவு கிடைத்திருக்கும், அவர்களுக்கும் ஒரு புகார் குறைந்திருக்கும்.

இரண்டாவது அழைப்பைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. பின்பக்க அறையில், மனைவி வகுப்பு எடுக்கும் இடத்தில், கைப்பேசியில் சோதித்தால் 8 முதல் 11 வரைதான் வந்தது. சித்திரை வெயிலில் ஒரு தம்பி பைக்கில் வந்தார். நேராக மோடத்தின் அருகே போய்த் தன் லேப்டாப்பைக் கம்பியில் செருகி 95 காட்டினார். “லைன்ல ஒண்ணும் குறை இல்ல சார், வைஃபைதான் உள்ள போகல” என்றார். அன்று அவர் கையில் இன்னும் எட்டு வீட்டுப் புகார்கள் இருந்தன. அவற்றில் மூன்றில் இணைப்பே இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். என் வீட்டுச் சுவருக்காக அவரை வரவழைத்ததில் இணைப்பே இல்லாத ஒரு வீடு அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. மெதுவான இணையம் என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் தொல்லை, மோடம் என்ற பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம், இந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். தெருவிலிருந்து பெட்டி வரை வருவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியிலிருந்து நம் கைக்கு வருவது பெரும்பாலும் நம் வீட்டின் விவகாரம். எங்கள் வீடு கனமான செங்கல் சுவர்கள் கொண்ட பழைய கட்டுமானம். மோடம் இருந்த கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே இரண்டு சுவர்களும் ஓர் இரும்பு பீரோவும் இருந்தன. இரும்பைத் தாண்டி வைஃபை போகாது. அத்தோடு, குறைந்த விலைத் திட்டம் என்பதால் எங்களுக்குத் தரப்பட்ட மோடம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குவது. அந்த அலைவரிசை சுவரை ஓரளவு ஊடுருவும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றுதான் உண்டு. எங்கள் கூடத்தில் நின்று தேடினால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் 19 தெரிந்தன. 19 வீடுகள் மூன்று தடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, மோடம் வரை 95 வந்தாலும் அது கைப்பேசியை வந்து சேராது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தடங்கள் அதிகம், வேகமும் அதிகம்; ஆனால் அது ஓர் அறையைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும்.

இதில் நிறுவனத்தின் மீதும் எனக்குக் குறை உண்டு. இணைப்புக் கொடுக்க வந்த அன்று, வீட்டில் இணையத்தை எங்கே அதிகம் பயன்படுத்துகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சன்னல் வழியாக உள்ளே நுழைந்த கம்பி எந்த மூலையை முதலில் எட்டியதோ அங்கே, தொலைக்காட்சிக்குப் பின்னால், மோடத்தை மாட்டிவிட்டுப் போனார்கள். இன்னும் பத்து மீட்டர் கம்பி இழுத்து வீட்டின் நடுவில் வைத்திருந்தால் என் இரண்டாவது அழைப்புக்கே வேலை இருந்திருக்காது. இரண்டு அலைவரிசைகளிலும் இயங்கும் மோடம் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. அப்படி ஒன்று அவர்களிடம் இருக்கிறது என்பதே பின்னால்தான் தெரிந்தது. புதிதாக இணைப்பு வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே கேட்டுப் பெற வேண்டும். நான் பிறகு 1400 ரூபாய் செலவழித்துப் பின்னறை வரை கேட் 6 என்ற வகை இணையக் கம்பி இழுத்து, அங்கே வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரை வைத்தேன். கம்பியின் முனையில் உள்ள எட்டு இழைகளில் நான்கை மட்டும் இணைத்துவிட்டுப் போகும் பழக்கம் சிலரிடம் உண்டு. நான்கு இழையில் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. நாளை 200 அல்லது 300 திட்டத்துக்கு மாறும்போது அது இடிக்கும் என்பதால் எட்டையும் இணைக்கச் சொல்லிக் கூடவே நின்று பார்த்தேன்.

அந்த வெயில் நாளுக்குப் பிறகு, தொலைபேசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். முதலில் லேப்டாப்பை மோடத்தில் கம்பியால் செருகுவேன். வீட்டில் மற்ற கருவிகளை, முக்கியமாகத் தரவை ஓயாமல் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும் கண்காணிப்புக் கேமராவையும் தானாகப் படங்களைச் சேமித்துக்கொண்டிருக்கும் கைப்பேசிகளையும், சற்று நேரம் துண்டிப்பேன். ஏற்றும் வழி நிரம்பிவிட்டால் இறங்கும் வழியும் தடுமாறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதன்பின் ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட், நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட்.காம் ஆகிய இரண்டிலும் சோதிப்பேன். முதலாவது பெரும்பாலும் அருகில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது நெட்ஃபிளிக்ஸின் சர்வரிலிருந்தே தரவை இழுக்கும். ஒன்றில் நன்றாகவும் மற்றதில் மோசமாகவும் வந்தால், வீட்டுக்கு வரும் கம்பியில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. பிறகு, ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையால் மோடத்தையே தட்டிப் பார்ப்பேன். பெரும்பாலான வீடுகளில் 192.168.1.1 என்பது அதன் முகவரி. கம்பியில் இருந்து தட்டினால் ஓரிரு மில்லி செகண்டில் பதில் வர வேண்டும். வைஃபையில் தட்டும்போது அது 80, 200 என்று தாவினால் குற்றம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மோடம் உடனே பதில் தந்து, கூகுளின் 8.8.8.8 முகவரி மட்டும் தாமதித்தாலோ சில பதில்கள் தொலைந்துபோனாலோ, குற்றம் பெட்டிக்கு அந்தப் பக்கம் என்று துணிந்து சொல்லலாம்.

இதைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை என்று மூன்று நாட்கள் செய்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இரவு நேரம் ஏன் முக்கியம் என்றால், ஃபைபர் வீட்டுக்கு வீடு தனியாக வந்தாலும் அதன் வழியே வரும் வேகம் தனி இல்லை. இங்கே பரவலாக உள்ள ஜிபான் முறையில், நிறுவனத்தின் கருவியிலிருந்து கிளம்பும் ஓர் இழை கீழ்நோக்கிச் சுமார் 2.5 கிகாபிட் சுமந்து வந்து, தெருவில் உள்ள பிரிப்பானில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்ற கணக்கில்தான் இது ஓடுகிறது. அந்தப் பகுதியை வெளியுலகோடு இணைக்கும் வழி குறுகலாக இருந்தால் இரவில்தான் அது தெரியும். சற்று குறைவது இயல்பு. நானும் அதற்கெல்லாம் அழைப்பதில்லை. காலையில் 94 வந்து, இரவு 9 மணிக்குக் கம்பியிலேயே தொடர்ந்து மூன்று நாட்கள் 50க்குக் கீழே போனால் அழைக்கிறேன். இந்தப் பாதி என்ற எல்லை நானே வகுத்துக்கொண்டது. சட்டத்தின் எல்லை நமக்கு உதவாது. இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2023 முதல் நொடிக்கு 2 மெகாபிட். அதற்கு முன்பு 512 கிலோபிட்தான். 100க்குப் பணம் கட்டும் வீட்டில் 2 வந்தாலும் அது பிராட்பேண்ட்தான் என்று சொல்ல அந்த வரையறை இடம் தருகிறது. அதனால் திட்டத்தில் எழுதியுள்ள வேகத்தோடு ஒப்பிட்டே பேச வேண்டும். மாதத் தரவு எல்லையை முதலில் பார்த்துக்கொள்வதும் அவசியம். வரம்பற்றது என்று விற்கப்படும் திட்டங்கள் பலவற்றில் 3300 ஜிபி போன்ற ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் வேகம் தானாகவே சில மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

என் மூன்றாவது அழைப்பு இந்த நோட்டோடு செய்தது. மூன்று இரவுகளின் அளவுகள் 38, 31, 42 என்று இருந்தன. காலை அளவுகள் எல்லாம் 94. வழக்கம்போல, “மோடத்த ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றார் எதிர்முனையில் இருந்தவர். “பண்ணிட்டேன்மா. கம்பியில போட்டு மூணு நாளா எழுதி வச்சிருக்கேன். காலையில சரியா இருக்கு, ராத்திரி மட்டும் பாதிக்குக் கீழ போகுது. எங்க வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், ஏரியா லோடு பாக்குறவங்களுக்கு மாத்தி விடுங்க” என்று தேதியும் நேரமும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்து, மேற்பார்வையாளரிடம் இணைப்பைக் கொடுத்தார். எங்கள் பகுதிக்கு வரும் வழி இரவில் நிரம்பிவிடுகிறது என்பதை அந்த மேற்பார்வையாளர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். 16 நாட்களில் அதை விரிவாக்கினார்கள். அதன் பிறகு நெரிசலால் இரவில் 90க்குக் கீழே போனதை நான் பார்த்ததில்லை. இந்த நிறுவனத்தைப் பற்றி நான் மனமாரப் பாராட்டும் இடம் இது. அளவோடு வந்த புகாரை அவர்கள் அளவோடு எடுத்துக்கொண்டார்கள்.

அழைக்க வேண்டாத சந்தர்ப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தளம் மெதுவாக இருந்து மற்றவை ஓடினால் அழைத்துப் பயனில்லை. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்து இந்தியா உட்படப் பல நாடுகளில் வேகம் குறைந்தது. அந்த வாரம் லண்டன் மாணவியின் வகுப்பு தடுமாறியது. சிங்கப்பூர் வகுப்பு ஒரு நொடிகூட நிற்கவில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கிழக்கே வங்கக்கடல் வழியாக ஏறக்குறைய 3000 கிலோமீட்டர். லண்டனுக்கு மேற்கே செங்கடல் வழி. ஒரு திசை மட்டும் கெட்டிருந்தால் உறையூர்க் கம்பத்தில் தேடுவதில் பொருளில்லை. ஆனாலும், வெளிநாட்டுத் தொடர்பு சில நாட்கள் மெதுவாக இருக்கும் என்று நிறுவனம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். திட்டத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வாரம் மூன்று செய்தி அனுப்ப முடிகிறவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

வகுப்பில் சுருதி விட்டுவிட்டுக் கேட்கிறது என்ற குறையும் ஒரு காலத்தில் இருந்தது. அதையும் இணையத்தின் மீது போடவிருந்தேன். வீடியோ அழைப்புச் செயலி, தம்புராவின் இடைவிடாத நாதத்தை மின்விசிறிச் சத்தம் போன்ற இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடுகிறது. ஜூமில் இசைக்காகவே ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டதும் சுருதி விடாமல் கேட்டது. குருவும் மாணவரும் சேர்ந்து தாளம் போட முடியாமல் இருப்பதற்கும் எந்த நிறுவனமும் காரணமில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சிங்கப்பூர் போய்த் திரும்ப அதற்கே 30 மில்லி செகண்ட் ஆகிறது, கருவிகளின் தாமதமும் அதன்மேல் சேர்கிறது. மாணவர் கேட்டு முடித்துத் திருப்பிப் பாடுவது என்று என் மனைவி பாடமுறையையே மாற்றிக்கொண்டார்.

இனி அந்த நான்காவது அழைப்பு. ஐப்பசி மழை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வேகத்தைச் சோதித்தால் 94 காட்டும், சில சமயம் 60 காட்டும். ஆனால் வகுப்பில், “டீச்சர், உங்க குரல் உடையுது” என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். சரளி வரிசையில் உடைந்தால் சமாளிக்கலாம். கீர்த்தனையில் ஒரு கமகத்தின் நடுவே அரை நொடி தொலைந்தால் மாணவருக்குக் கிடைப்பது தவறான பாடம். மோடத்தை அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் சரியாக இருந்தது, மறுபடி உடைந்தது. அணைத்துப் போட்டதும் சரியாகி மீண்டும் மீண்டும் கெடுவது, அழைக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரியவில்லை. சித்திரையில் வீணாக ஒருவரை அலையவிட்ட நினைவு என்னைத் தடுத்தது. குறை நம் வீட்டில்தான் இருக்கும் என்று கம்பியையும் ரவுட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி 11 நாட்களை ஓட்டினேன். அந்த 11 நாட்களில் என் மனைவி ஆறு வகுப்புகளைத் தள்ளிவைத்தார்.

பதில், மோடத்தின் உள்பக்கத்தில் முதலிலிருந்தே இருந்தது. மோடத்தின் முகவரியை உலாவியில் தட்டி, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஒளியின் வரவு எவ்வளவு என்று, அதன் வலிமையை அளக்கும் டிபிஎம் என்ற அலகில் ஓர் எண் இருக்கிறது. இணைப்புக் கொடுத்த அன்று தன் பவர் மீட்டரில் மைனஸ் 19.5 காட்டியதாகப் பணியாளர் என் ரசீதின் மூலையில் எழுதித் தந்திருந்தார். அந்த ஐப்பசி நாளில் பார்த்தால் மைனஸ் 28. இந்தக் கணக்கில் மூன்று குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். எட்டரை குறைந்தால் ஏழில் ஒரு பங்குதான் மிச்சம். ஜிபானில் பரவலாகப் பயன்படும் வகை மோடங்கள் மைனஸ் 27 வரைதான் சரியாகப் படிக்கும் என்பது தரம். அதற்கும் கீழே போய்விட்ட என் பெட்டி, சில பொதிகளைப் படித்தும் சிலவற்றைத் தவறவிட்டும் தத்தளித்துக்கொண்டிருந்தது. தரவிறக்கத்தில் தவறிய பொதியைக் கணினி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். நேரடிப் பாட்டில் தவறியது தவறியதுதான். வேகச் சோதனையில் 94 வந்தும் குரல் உடைந்ததற்குக் காரணம் இதுவே.

அன்று மாலையே அழைத்து அந்த இரண்டு எண்களைச் சொன்னேன். புகார் எண் வந்தது. மறுநாள் காலை, யாரும் வராமலே, புகார் தீர்க்கப்பட்டது என்ற குறுஞ்செய்தியும் வந்தது. இந்தச் சேவையில் நான் மன்னிக்கத் தயாராக இல்லாத பழக்கம் இது. பழுது நீங்காமல் புகாரை மூடுவது, கணக்கேட்டில் நேர்த்தியாகத் தெரியலாம். வாடிக்கையாளருக்கு அது இரண்டாவது காயம். ஐந்தாவது அழைப்பு இதற்காகவே செய்ய வேண்டியதாயிற்று. பழைய புகார் எண்ணைச் சொல்லி, தீர்க்காமலே மூடிவிட்டீர்கள், மேல்முறையீடு செய்யப்போகிறேன் என்றேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த புகார்தீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் எண் தந்தாக வேண்டும்; தீர்வில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் கட்டணமின்றிப் போகலாம்; அவர்கள் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிப்பட்டவர்களின் புகாரை நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருப்பதில் பலனில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய வழக்கை நுகர்வோர் ஆணையமும் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கிவிட்டது. எனக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. மேல்முறையீடு என்ற சொல்லுக்கே வேகம் பிறந்து, அன்று பிற்பகல் ஆள் வந்தது.

வந்தவர் சித்திரையில் வந்த அதே தம்பி. மோடத்தின் பச்சை நிறச் செருகியைக் கழற்றிப் பவர் மீட்டரில் வைத்தார், மைனஸ் 27.9. அதைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார், மாற்றமில்லை. கம்பத்தில் ஏறி, இணைப்புப் பெட்டியில் எங்கள் கிளையை அளந்தபோது அங்கேயே ஒளி குறைந்துதான் இருந்தது. பெட்டியின் மூடி உடைந்திருந்தது; உள்ளே மழைநீர் தேங்கி, வேப்பங்கொம்பு காற்றில் இழுத்துவிட்ட கம்பி கூர்மையாக மடிந்து கிடந்தது. கண்ணாடி இழை மடிந்தால் ஒளி ஓரத்தில் கசிந்து போய்விடும். மடிந்த துண்டை வெட்டி எறிந்து, குடை பிடிக்க ஒருவரை நிறுத்திக்கொண்டு, ஸ்ப்ளைசிங் கருவியில் இரு முனைகளையும் உருக்கி ஒட்டினார். கீழே வந்து அளந்தபோது மைனஸ் 20.1. “சார், இந்த நம்பர மாசம் ஒருக்கா பாருங்க. 24 தாண்டுனா அப்பவே சொல்லுங்க, லைட்டு செவப்பாகுற வரைக்கும் காத்திருக்காதீங்க” என்றார். எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் அந்த விளக்கு சிவந்தால் ஒளி அறவே வரவில்லை என்று பொருள். அதற்கு எந்தச் சோதனையும் செய்யாமல் உடனே அழைக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். சிவப்பதற்கு முன்னால் பல வாரங்கள் நீளும் இந்தத் தேய்வைத்தான் நாம் கவனிப்பதில்லை. சேவை மையத்தில் இருப்பவர்கள் தங்கள் திரையிலேயே இந்த எண்ணைப் பார்க்க முடியும் என்றும் அவர் சொன்னார். அப்படியிருக்க, அணைத்துப் போடச் சொல்வதற்கு முன்னால் அதைப் பார்க்கும் வழக்கத்தை நிறுவனம் ஏன் கொண்டுவரவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

மின்வெட்டு பற்றி ஒரு சொல். முன்பு வைத்திருந்த உள்ளூர் இணைப்பில், தெருக்கம்பத்துப் பெட்டிக்குள் மின்சாரத்தில் ஓடும் ஸ்விட்ச் இருந்தது. தெருவில் மின்சாரம் போனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் இணையம் போய்விடும். இப்போது தெருவில் இருக்கும் பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. மோடத்துக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைத்தேன்; மின்சாரம் இல்லாத நேரத்திலும் வகுப்பு நடக்கிறது. இந்த வசதிக்காகவே பழைய இணைப்புக்குத் திரும்ப மாட்டேன்.

விலைக்குச் சொன்ன வேகத்தை இந்த நிறுவனம் தருகிறது. ரசீதில் 18 மாதங்களாகத் தவறு ஒன்றுமில்லை. கேட்டபோது, வகுப்பு நடத்த முடியாமல் போன நாட்களுக்கு எட்டு நாள் வாடகையைக் கழித்துக் கொடுத்தார்கள். களத்துக்கு வரும் பணியாளர்கள் தொழில் தெரிந்தவர்கள், பொறுமையாக விளக்குகிறவர்கள். தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு அந்த அறிவின் கால்பங்கு பயிற்சி கூடத் தரப்படவில்லை. புகாரை மூடும் அவசரமும் தீரவில்லை. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். அந்த மூன்றரையில் பெரும்பகுதி கம்பத்தில் ஏறிய அந்தத் தம்பிக்கு உரியது.

ஆறு மாதத்துக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறேன். மாதத்தின் முதல் தேதியில் ஒளி அளவைப் பார்த்து ரசீதின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கடைசியாக எழுதியது மைனஸ் 20.4. கம்பத்துப் பெட்டியின் உடைந்த மூடியை அன்று கம்பியால் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள், இன்னும் மாற்றவில்லை. வேகம் குறையாமலே நான் செய்திருக்கும் ஒரே புகார் அதுதான், எண்ணும் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஐப்பசிக்குள் புது மூடி வந்துவிட்டால் ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டுவேன்.